பயமும் ஒரு சுவைதான்!



"ஏனுங்க்கா, பேய்ப் படமெல்லாம் நம்மள மாதிரி பொம்பளைங்க உக்காந்து பாக்கறதுங்களா? அந்த நேரத்துல ஒரு சாமி படம் பாத்தா புண்ணியமாச்சும் கெடைக்குமில்லீங்க!" என்று பக்கத்து வீதி அம்மிணி ஒருத்தி என்னைக் கேட்டாள். உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். அதனால் இந்த முறை சமையலையும் கைவைத்தியத்தையும் கொஞ்சம் ஓரங்கட்டி வைத்துவிட்டு, பயத்தைப் பற்றிப் பேசுவோம்.

பயம் கெட்டது என்றே நாம் பழகிவிட்டோம். ஆனால் நம் பெரியவர்கள் அப்படி ஒதுக்கவில்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது சிரிப்பு, அழுகை இவற்றோடு அச்சத்தையும் சேர்த்தார். அந்த அச்சம் எங்கிருந்து பிறக்கும் என்பதையும் நாலாக வகுத்தார். தெய்வமோ பேயோ ஆன அணங்கு, காட்டு விலங்கு, கள்வர், நம்மை ஆளுகிறவர். இந்த நாலாவதைக் கவனியுங்கள். அதிகாரம் கையில் உள்ளவரைக் கண்டு நடுங்குவதையும் பேயைக் கண்டு நடுங்குவதையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார். நான் சொல்லப் போகிற படத்துக்கு இது வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாமக்கல் பக்கம் பயத்துக்குப் பஞ்சமே இல்லை. கொல்லிமலையில் கொல்லிப்பாவை இருக்கிறாள். சங்கப் பாடல்களிலேயே பேசப்பட்டவள். சிரித்தே ஆளை மயக்கி உயிரை வாங்கிவிடுவாள் என்பார்கள். கோரைப் பல்லும் விரித்த தலையும் இல்லாமல், வெறும் ஒரு சிரிப்பை வைத்து அத்தனை தலைமுறையையும் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! நல்ல பேய்க் கதைக்கு அதிகச் செலவு தேவையில்லை என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

நம் சினிமாவில் பேய் என்றால் என்ன வரும்? வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், எலுமிச்சம்பழம், உடுக்கை அடிக்கும் மந்திரவாதி. கொஞ்ச காலமாகப் பேயோடு சிரிப்பையும் சேர்த்துவிட்டார்கள். 2011ல் வந்த 'காஞ்சனா', 2014ல் வந்த 'அரண்மனை' எல்லாம் அந்த ரகம். குடும்பத்தோடு பார்க்கலாம், குழந்தைகள் கைதட்டும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தால் ஒன்றும் நினைவில் நிற்காது.

2015 செப்டம்பரில், விநாயகர் சதுர்த்தியை ஒட்டி 'மாயா' என்று ஒரு படம் வந்தது. அஸ்வின் சரவணன் என்ற இளைஞருக்கு அதுதான் முதல் படம். நயன்தாராதான் பிரதான பாத்திரம். பெரிய கதாநாயகன் இல்லை, அடிதடி இல்லை, வெளிநாட்டில் போய் ஆடும் டூயட் இல்லை. சிக்கனமாக எடுத்த படம். எனக்கு அது அன்றைக்குப் பிடித்தது, இன்றைக்கும் பிடிக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

கதையில் அப்சரா என்று ஒருத்தி. கணவனைப் பிரிந்தவள். கையில் கைக்குழந்தை, தலைக்கு மேல் கடன். விளம்பரப் படத்திலாவது ஒரு வாய்ப்புக் கிடைக்காதா என்று அலைகிறாள். அந்த நேரத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. ஒரு பேய்ப் படத்தை ராத்திரியில், காலியான தியேட்டரில், தனியாக உட்கார்ந்து முழுக்கப் பார்க்கிறவருக்குப் பெரிய தொகை பரிசு. யாராவது புத்தி உள்ளவர்கள் போவார்களா? அப்சரா போகிறாள். அவளுக்குத் துணிச்சல் அதிகம் என்பதால் போகவில்லை. குழந்தைக்குப் பால் வாங்கவும் கடன்காரன் வாயை அடைக்கவும் பணம் வேண்டும் என்பதால் போகிறாள்.

இந்த இடத்தில்தான் படம் என்னைப் பிடித்துக்கொண்டது. மற்றப் பேய்ப் படங்களில், "அந்தப் பாழடைந்த பங்களாவுக்குள் ஏன் இந்தப் பைத்தியங்கள் போகுதுங்க?" என்று நமக்கே எரிச்சல் வரும். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை. தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்துப் பள்ளிக்கூடப் பணம் கட்டிய எந்தப் பெண்ணும், அப்சரா ஏன் போனாள் என்று கேட்க மாட்டாள்.

இன்னொரு பக்கம், மாயவனம் என்று ஒரு காடு. அங்கே முன்பு ஒரு மனநலக் காப்பகம் இருந்திருக்கிறது. அங்கே அடைபட்டிருந்த மாயா என்ற பெண், அவளிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை, ஒரு பொம்மை. அந்தக் காட்டைப் பற்றிய கதைக்குப் படம் வரைகிற வசந்த் என்ற ஓவியன், ஆரி நடித்திருக்கிறார். இந்த ஓவியன் கதை கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. அப்சராவின் கதை வண்ணத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமலே பாதிப் படம் போகும். கனவுக்குள் கனவு காண்கிற மாதிரி இருக்கும். "என்ன இது, தலையும் புரியல வாலும் புரியல" என்று எழுந்துவிடாதீர்கள். ஊறப் போட்ட அரிசி உடனே மாவாகுமா? கொஞ்சம் பொறுங்கள். முடிச்சு அவிழ்கிற இடத்தை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் பார்த்து என்ன பிரயோஜனம்?

இனி, குறைந்த காசில் பயத்தை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று பார்ப்போம். இதுவும் ஒரு கைவேலைதான்.

முதலாவது, காட்டாமல் விடுவது. பேயின் முகத்தைக் காட்ட முகப்பூச்சு, கிராபிக்ஸ் என்று பணம் வேண்டும். இருட்டுக்குப் பணம் வேண்டாம். ஒரு மூலையை இருட்டாக விட்டுவிட்டால், அங்கே என்ன இருக்கிறது என்பதை நம் மனமே வரைந்துகொள்ளும். நமக்கு எது பயமோ அதையே வரையும். சத்யன் சூரியனின் ஒளிப்பதிவில் இந்த இருட்டு அழகாக வந்திருக்கிறது.

இரண்டாவது, சத்தம். அதைவிடச் சத்தம் இல்லாமை. குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோட்டுச் சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். விசைத்தறி ராப்பகலாக ஓடுகிற வீதியில் தொட்டில் குழந்தை அசையாமல் தூங்கும். மின்சாரம் போய்த் தறி நின்றதும் வீறிட்டு எழும். பெரியவர்களும் எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு?" என்போம். பழகிய சத்தம் நின்றுபோவதுதான் நமக்கு முதல் அபாய அறிவிப்பு. இந்தச் சூட்சுமம் தெரிந்த இயக்குனர், இசையை எங்கே வைப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்றுதான் யோசிப்பார். 'மாயா'வில் ரான் ஈத்தன் யோஹானின் இசையைக் கேட்டுக்கொண்டே வந்து, அது அடங்குகிற இடங்களைக் கவனியுங்கள்.

மூன்றாவது, இடம். சேலத்துக்காரர்களுக்குச் சினிமாவில் இடம் என்றால் மாடர்ன் தியேட்டர்ஸ்தான் நினைவுக்கு வரும். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் 1935ல் ஏற்காடு போகிற சாலையில் தொடங்கியது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல் அவர்கள் எடுத்ததுதான். அரண்மனை வேண்டுமா, குகை வேண்டுமா, அங்கேயே கட்டிவிடுவார்களாம். இன்றைக்கு அந்த வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. கட்டிடம் கட்டக் காசில்லாத சின்னப் படக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஏற்கெனவே இடிந்து கிடப்பதைத் தேடிப் போவார்கள்.

அப்படித் தேடிப் போய் உலகப் புகழ் பெற்ற படம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1962ல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. ஆவிகளின் திருவிழா என்று வைத்துக்கொள்ளுங்களேன். எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில், பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப் படம் எடுத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு முறை காரில் ஊர் திரும்பும்போது, யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரிக் கரையில், கைவிடப்பட்ட ஒரு கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். சால்ட்டேர் என்று பேர். ஒரு காலத்தில் ஆட்டமும் பாட்டுமாக இருந்த இடம். ஏரித் தண்ணீர் பின்வாங்கி, மண்டபம் மட்டும் வெறும் தரையில் தனியாக நின்றது. "இதற்குள் செத்தவர்கள் ஆடினால் எப்படி இருக்கும்?" என்ற ஒரே எண்ணம், படம் பிறந்துவிட்டது. ஆபீஸில் லீவு போட்டு, மூன்று வாரத்தில், சுமார் 33,000 டாலரில் முடித்துவிட்டார். பேயாக வருகிற வெளிறிய முகத்து ஆள் யார் என்கிறீர்கள்? அவரேதான்! சிக்கனம் என்றால் அது சிக்கனம். அந்த மண்டபம் 1970ல் தீயில் எரிந்துபோயிற்று. படத்தில் மட்டும் இன்னும் நிற்கிறது.

அதில் மேரி என்றொரு பெண். கேண்டஸ் ஹில்லிகாஸ் நடித்தது. கார் ஒன்று பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கும்போது, சேறும் சகதியுமாக இவள் மட்டும் எழுந்து வருகிறாள். பிறகு வேறு ஊருக்குப் போய்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையில் சேருகிறாள். ஒருநாள் துணிக் கடையில் ஒரு கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து பேசுகிறாள். கடைக்காரி காதில் விழவில்லை. தெருவில் நடக்கிறாள், வண்டிச் சத்தம் கிடையாது, ஆள் சத்தம் கிடையாது. யாருக்கும் அவள் கண்ணில் படவில்லை. பூங்காவில் ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கும்போது, ஒரு குருவி கத்துகிற சத்தம் கேட்கிறது. அதோடு உலகம் திரும்பி வருகிறது.

அந்த ஐந்தாறு நிமிடத்தில் ரத்தம் இல்லை, அலறல் இல்லை, பேயும் இல்லை. ஆனாலும் எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். சகோதரிகளே, "சாப்பாடு ஆறுதுங்க, வாங்க" என்று நாலு தடவை கூப்பிட்டும் யாரும் திரும்பிப் பார்க்காத கூடத்தில் நாம் நின்றிருக்கிறோமா இல்லையா? கல்யாண வீட்டில் விடியவிடிய வேலை பார்த்துவிட்டு, போட்டோ எடுக்கும்போது நம்மைக் கூப்பிட மறந்துவிட்டார்களே, அப்போது? நாம் பேசுவது யார் காதிலும் விழாமல் போவது என்ற பயம், பேயைவிடப் பழைய பயம். அதை ஒரு அயல்நாட்டுக்காரர், பேச்சே இல்லாமல், நமக்கே காட்டிவிட்டார். நல்ல பேய்ப் படம் செய்கிற காரியம் இதுதான். பேர் சொல்லாமல் உள்ளே கிடந்த ஒன்றுக்கு ஓர் உருவம் கொடுக்கிறது. பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஒரு பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது.

படம் வந்த புதிதில் ஓடவில்லை. 1980களின் கடைசியில்தான் திரும்பக் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். ஹார்விக்கு அது ஒன்றுதான் முழுநீளப் படம். பதிப்புரிமைக் குறிப்பைப் போடாமல் விட்டதால் இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், போனிலேயே கிடைக்கும்.

நிற்க. 'மாயா'வுக்கு வருவோம். தொல்காப்பியரின் நாலாவது பயத்தை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அந்தப் படத்தில் உண்மையாக நடுங்க வைப்பது ஆவி அல்ல. "இவளுக்குப் புத்தி சரியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர்கள். ஒரு பெண் தாய்தானா, குழந்தையை வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவள்தானா என்று வேறு யாரோ முடிவு செய்வது. இது சினிமாக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. எந்தப் பேய்ப் படமும் அதற்கு ஈடாகாது.

அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2017ல் வந்து 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. இன்னொன்றும் சொல்கிறது. ஒரு தாய் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறும்போது, மூன்று வயதுக்கு உட்பட்ட அவள் குழந்தையைச் சாதாரணமாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்றாலோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்றாலோ மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறத் தனிப் பிரிவே உண்டு. மாயாவுக்குக் கிடைக்காதது இன்று சட்டத்தில் இருக்கிறது. நம் பெண்களுக்குத் தெரிய வேண்டாமா?

இதை நான் சும்மா எழுதவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மருமகள் பிள்ளை பெற்ற பத்தாம் நாள். தூக்கமே இல்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். "இது என் கொழந்தையே இல்லீங்க, மாத்திட்டாங்க" என்றாள். பெரியவர்கள், "காத்து கருப்பு அண்டிடுச்சு" என்று வேப்பிலை அடித்தார்கள். மந்திரிக்கவும் ஆள் தேடினார்கள். நல்லவேளை, குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர் கண்டுகொண்டார். "அம்மா, இது பேயில்லீங்க. பிரசவத்துக்கப்புறம் வர்ற வியாதி. இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க" என்று தானே கூடப் போனார். சில வாரத்தில் அந்தப் பெண் தெளிந்துவிட்டாள். இன்று அவள் மகன் பள்ளிக்கூடம் போகிறான்.

இளம் தாய்மார்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் இதை எழுதி ஒட்டிக்கொள்ளலாம்:

பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகும். தூக்கமும் ஆறுதலும் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் துக்கம், எதிலும் பிடிப்பின்மை, குழந்தையைத் தொடவே மனமின்மை இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது, நாள்கணக்கில் தூங்காமல் பரபரப்பது — இது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. எந்த நேரமும் இலவசமாகப் பேச 'டெலி மானஸ்' எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, படம் பார்க்கிறவர்களுக்கு என் யோசனைகள் சில.

சிறு குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். அவர்களுக்குக் கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ராத்திரி வீறிட்டால் நம் தூக்கமும் போகும். பிள்ளை பெற்ற புதிதில், தூக்கம் கெட்டிருக்கும் சகோதரிகள் கொஞ்ச மாதம் தள்ளிப் போடுங்கள்; படம் எங்கும் ஓடிவிடாது.

பார்க்கும்போது விளக்கை அணையுங்கள். பட்டாணி உரிப்பதையும் துணி மடிப்பதையும் ஓரமாக வையுங்கள். இந்த மாதிரிப் படத்தில் கண்ணும் காதும் ரெண்டும் வேண்டும். முடிந்தால் நாத்தனாரையோ ஓரகத்தியையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயம் பங்கு போட்டால் பாதியாகும், பேச்சு இரட்டிப்பாகும். எங்கள் வீட்டுக்காரர் லாரிக்குப் போகிற நாட்களில் நானும் என் ஓரகத்தியும் சேர்ந்துதான் பார்ப்போம். பத்து வருஷம் ஒரே வாசலில் கோலம் போட்டும் பேசிக்கொள்ளாத விஷயங்களை, 'மாயா' முடிந்த ராத்திரி இரண்டு மணி வரைக்கும் பேசினோம்.

முடிந்தபின், உங்களைப் பயமுறுத்தியது எது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பேயா, இருட்டா, பணமா, தனிமையா? பதில் கிடைத்தால் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். பேர் போட வேண்டாம் என்றால் போடவில்லை. படித்துவிட்டு, அடுத்த இதழில் தொடர்ந்து பேசுவோம்.